குடைக்கம்பியில் ஒரு பாசிக்காடு: சிம்கோ ஏரியில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: கெஸ்விக் கரை

விடிவதற்கு முன்பே ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியிலிருந்து புறப்பட்டு, 404 நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி வந்து, எட்டு மணிக்குள் சிம்கோ ஏரியின் தென்கரையிலுள்ள கெஸ்விக்கை அடைந்தோம். இந்த முறை நானும் மாமாவும் மட்டுமே வந்திருக்கிறோம். இலங்கையின் நீர்கொழும்பில் வளர்ந்து, எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்கு வந்த மாமாவுக்கு இது முப்பதாவது குளிர்காலத்துக்கும் மேற்பட்ட மீன்பிடி. எனக்கு இது ஆறாவது.

வந்தவுடன் செய்த முதல் வேலை பனிக்கட்டியின் தடிப்பை அளந்ததுதான். ஆகர் எனப்படும் திருகுத் துளைக்கருவியால் கரையிலிருந்து ஐம்பது அடிக்கு ஒரு துளையாக இட்டுக்கொண்டே நடந்தோம். மொத்தத் தடிப்பு 34 செண்டிமீற்றர் இருந்தது. அதில் மேலே உள்ள 10 செண்டிமீற்றர், பனி நனைந்து மீண்டும் உறைந்ததால் உருவான வெள்ளைப் பனிக்கட்டி. தெளிந்த பனிக்கட்டியின் பாதி வலிமைதான் அதற்கு உண்டு என்று கணக்கிட்டுக்கொள்வது வழக்கம். ஒருவர் தனியே நடக்க 15 செண்டிமீற்றராவது வேண்டும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. அந்த அளவுக்கு மேல் எங்களுக்கு நிறையவே இருந்தபோதும், இருவரும் கழுத்தில் பனிக்கட்டி ஊசிகளைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் நடந்தோம். தவறி விழுந்தால் விளிம்பில் குத்தி ஏறுவதற்கு அவை பெரிதும் உதவும்.

நாங்கள் நிற்கும் இடம் குக்ஸ் குடா. சுமார் 720 சதுர கிலோமீற்றர் பரந்த சிம்கோ ஏரியின் தெற்குக் கை இது. ஏரியின் மேற்கே உள்ள கெம்பன்ஃபெல்ற் குடா 40 மீற்றரையும் தாண்டி ஆழமாகப் போகிறது. அங்கே குளிர்நீர் மீன்களைத் தேடிப் போகிறவர்கள் வேறு வகையினர். குக்ஸ் குடா ஆழம் குறைந்தது. ஹொலண்ட் ஆறு தன் கரையிலுள்ள காய்கறி நிலங்களின் சத்தையெல்லாம் கொண்டுவந்து சேர்ப்பதால் கோடையில் இங்கே நீர்ச்செடிகள் அடர்ந்து வளரும். மஞ்சள் பேர்ச் மீன்களுக்கு இது தாய்வீடு. உடலில் கறுப்புப் பட்டைகள் இறங்கிய, முதுகுமுள் கூர்மையான, ஒரு சாண் நீளத்துச் சிறிய மீன் அது. பொரித்தால் அதற்கு இணையான சுவை இந்த நாட்டு நன்னீரில் எனக்குத் தெரிந்து இல்லை.

பேர்ச் மீன்களைப் பிடிப்பதில் எங்களுக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அவை கூட்டமாக வரும், கூட்டமாகவே போய்விடும். ஒலியலையால் மீனைக் காட்டும் சோனார்க் கருவியின் திரையில் சிவப்புக் கோடுகள் ஐந்து நிமிடம் நிறைந்திருக்கும். அதன் பிறகு ஒரு மணி நேரம் வெறும் தரையே தெரியும். கூட்டத்தைத் துரத்திக்கொண்டு புதிது புதிதாகத் துளையிடுவதே இங்கு பலரும் கைக்கொள்ளும் வழி. மாமாவின் முழங்கால் அதற்கு இனி இடம் தராது. ஆகவே மீனைத் துரத்தாமல், வந்த மீனைச் சற்று நேரம் நிறுத்திவைக்க முடியுமா என்று இந்த ஐந்து நாட்களில் பார்க்க வந்திருக்கிறோம். அதற்குரிய கருவிதான் செயற்கைப் பாசி. துளை வழியாக மடித்து இறக்கி, அடியில் விரிக்கும் பிளாஸ்ரிக் செடிகள் கடைகளில் கிடைக்கின்றன. நாங்கள் சொந்தமாகவே ஒன்றைச் செய்து வந்திருக்கிறோம்.

மடிக்க முடியாத பழைய நீளக் குடை ஒன்றின் துணியைக் கழற்றிவிட்டோம். குடையின் முனை மேலே இருக்கும்படி கயிறு கட்டி, கைப்பிடியில் இரும்பு நட்டுகளைக் கோத்துப் பாரமேற்றினோம். கம்பிகளை விரிக்கும் வளையத்தில் இரண்டாவது கயிறு ஒன்றைக் கட்டி, அதை முனைக்கு அருகிலுள்ள சிறு வளையத்தினூடாக மேலே எடுத்தோம். மூடிய குடையாகத் துளைக்குள் இறங்கும். தரையைத் தொட்டதும் இரண்டாவது கயிற்றை இழுத்தால் கம்பிகள் விரியும். கயிற்றைத் தளர்த்தினால் தன் பாரத்தாலேயே மீண்டும் மடங்கிவிடும். மேலே எடுக்கும்போது எங்கேனும் சிக்கினாலும், துளையின் விளிம்பே கம்பிகளைக் கீழ்நோக்கி மடக்கிவிடும். குடையை மறுபக்கமாகத் தொங்கவிட்டிருந்தால் பனிக்கட்டியின் அடியில் மாட்டிக்கொண்டு மேலே வராமல் நின்றுவிடும். இதை மாமாதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்.

குடையின் பச்சைத் துணியையே விரல் அகலத்துக்கு நாடாக்களாகக் கிழித்து, ஒவ்வொரு கம்பியிலும் பத்துப் பன்னிரண்டாகக் கட்டியிருக்கிறேன். நாளை காலையில் இறக்குவோம். இரவுக் குளிர் சுழியத்துக்குக் கீழ் 17 பாகை வரை போகும் என்கிறார்கள்.

இரண்டாம் நாள்: நாடாக்கள் படுத்துவிட்டன

இன்றைய நாள் பாடமாகப் போயிற்று.

காலையில் ஐந்து மீற்றர் ஆழத்தில், 20 செண்டிமீற்றர் விட்டமுள்ள துளையினூடாகக் குடையை இறக்கினோம். அதிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளித் தூண்டிலுக்கு ஒரு துளை. இருபது மீற்றர் தள்ளி, குடை இல்லாத வெறுந்தரையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு துளை. ஒன்ராறியோ மாகாண விதிப்படி பனிக்கட்டியில் ஒருவர் இரண்டு தூண்டில்கள் வரை போடலாம். தூண்டிலிலிருந்து 60 மீற்றருக்கு மேல் விலகக் கூடாது, அது எப்போதும் கண்பார்வையில் இருக்க வேண்டும். நாங்கள் ஆளுக்கு ஒன்று மட்டுமே போட்டோம். இரண்டு துளைகளையும் ஒரே மாதிரியான இரையுடன், ஒரே மெல்லிய தங்கூசி நரம்பில், ஒரே அளவு ஜிக் என்னும் பாரமேற்றிய தூண்டில்முள்ளுடன் நடத்தினால்தான் எதையாவது அறிய முடியும்.

முற்பகல் முழுவதும் இரு துளைகளுக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை. திரையில் கூட்டம் வந்தது, போனது. குடைப்பக்கம் வந்த கூட்டமும் அதே ஐந்து நிமிடத்தில் போயிற்று. பிற்பகலில் நீருக்கடிக் கமராவை இறக்கிப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. கம்பிகள் அழகாக விரிந்திருந்தன. ஆனால் நாடாக்கள் அனைத்தும் நனைந்த கூந்தல் போலக் கம்பிகளில் ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கித் தொங்கின. அடியில் நின்றது செடியன்று, உடைந்துபோன ஒரு குடை.

குடைத்துணி பொலியெஸ்ரர் அல்லது நைலோன் இழையால் நெய்யப்படுவது. இரண்டுமே நீரைவிடப் பாரமானவை. உயிருள்ள நீர்ச்செடியோ தன் தண்டுக்குள் காற்றறைகளை வைத்திருப்பதனால்தான் நிமிர்ந்து நிற்கிறது. தரையில் காலூன்றித் தன் பலத்தால் நிற்கும் மரத்தைப் போன்றதல்ல நீர்ச்செடி. நீர் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. இதை எத்தனையோ கோடைகளில் படகில் இருந்து குனிந்து பார்த்திருந்தும், செய்யும்போது எனக்குத் தோன்றவில்லை.

மிதக்கும் பொருள் ஒன்று வேண்டும் என்றதும் மாமா தயங்காமல், "படகுக் கயிறு வாங்கு, பிள்ளை. மஞ்சளாக் கிடக்குமே, தண்ணியில போட்டா மேல நிக்கும்" என்றார். பொலிப்புரொப்பிலீன் கயிற்றைத்தான் அவர் குறிப்பிட்டார். நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குதான் அதன் அடர்த்தி. கெஸ்விக்கில் உள்ள வன்பொருள் கடையில் அது பச்சை நிறத்திலேயே கிடைத்தது. மாலை முழுவதும் விடுதி அறையில் அமர்ந்து, கயிற்றை அறுபது செண்டிமீற்றர் துண்டுகளாக வெட்டி, முறுக்கைப் பிரித்து, இழை இழையாக விரித்தேன். ஒவ்வோர் இழையின் நுனியையும் மெழுகுதிரிச் சுடரில் காட்டி உருக்கி மூடினேன். இல்லாவிட்டால் அது உதிர்ந்துகொண்டே இருக்கும். ஏரிக்குள் பிளாஸ்ரிக் தூளை விதைத்துவிட்டு மீனை எடுத்து வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

எட்டுக் கம்பிகள், கம்பிக்குப் பத்து இழைகள். விரல்நுனிகள் சுட்டுச் சிவந்திருக்கின்றன. குளியல்தொட்டியில் நீர் நிரப்பிக் குடையை விரித்துப் பார்த்தேன். இழைகள் அத்தனையும் எழுந்து நின்று, நான் கையசைத்த பக்கமெல்லாம் சாய்ந்தன. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

மூன்றாம் நாள்: பச்சைப் பாசியும் பழுப்புப் பாசியும்

இன்று குடை சரியாக வேலை செய்தது. மீன்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. அது ஏன் என்பதை விளக்க, பனிக்கட்டிக்கு அடியில் இப்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீர் 4 பாகையில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கிறது. அதனால் குளிர்காலத்தில் சுழியப் பாகையை ஒட்டிய நீர் பனிக்கட்டியின் அடியில் மிதக்க, சற்று வெப்பமான நீர் தரைப்பக்கம் தங்குகிறது. மீன்கள் அங்கேதான் வாழ்கின்றன. அவற்றுக்குக் குளிரைவிடப் பெரிய கவலை மூச்சுக்காற்று. ஏரியின் மேல் மூடி இறுகியிருப்பதால் காற்றிலிருந்து ஒட்சிசன் கரைய வழியில்லை. இலையுதிர்காலத்தில் கரைந்து சேர்ந்த இருப்பும், வெளிச்சம் கிடைக்கும் இடங்களில் பச்சைச் செடிகள் பகலில் விடும் ஒட்சிசனுமே மிச்சம். பனிக்கட்டி தெளிவாக இருந்தால் வெளிச்சம் நன்றாகவே ஊடுருவும். அதன்மேல் பனி படிந்தால் வெளிச்சம் போய்விடும். இருட்டில் செடி ஒட்சிசனை வெளியிடாது, எடுக்க மட்டுமே செய்யும், பின்பு மடியும். மடிந்த செடியை மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் ஒட்சிசனையே உண்ணும். சிறு குளங்களில் இதனால் வசந்தத்துக்கு முன்பே மீன்கள் மொத்தமாகச் செத்துப்போவதுண்டு. குக்ஸ் குடா அவ்வளவு சிறியதல்ல. இருந்தாலும் மக்கிய பாசிப் படுகைகளை மீன்கள் விட்டு விலகிவிடுகின்றன.

இதைக் கமராவில் இன்று நேராகவே பார்த்தேன். காற்று பனியை அடித்துச் சென்று தளத்தைக் கண்ணாடிபோல் வைத்திருந்த ஓரிடத்தில் கமராவை இறக்கியபோது, வேலம்பாசி போன்ற தோற்றமுள்ள செடிகள் நல்ல பச்சையாக நின்றன. அவற்றினூடே பேர்ச் குஞ்சுகள் மொய்த்தன. அங்கிருந்து நூறு மீற்றர் தொலைவில், முழங்காலளவு பனி குவிந்த இடத்தின் அடியில், அதே இனச் செடிகள் பழுப்பேறிச் சேற்றின்மேல் படுத்திருந்தன. அங்கே ஒரு மீனும் இல்லை. உறைந்த ஏரியின் மேலே நின்றுகொண்டு பனியின் தடிப்பைப் பார்த்தே கீழே உயிர் இருக்கிறதா என்று ஊகிக்கலாம் என்பதை மாமா பலமுறை சொல்லியிருக்கிறார். கண்ணால் கண்டது இன்றுதான்.

நான் செய்த பிழை, பச்சைச் செடிகள் நிறைந்த இடத்தின் ஓரத்திலேயே குடையை விரித்தது. மீன் இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் பாசி இருந்தால் இன்னும் மீன் வரும் என்று நினைத்தேன். அவற்றுக்கு அருகிலேயே உண்மையான காடு இருக்கிறது. அந்தக் காட்டில் புழுப்பருவப் பூச்சிகளும் சிறு இறால் போன்ற உயிர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பகல்நேரத்தில் ஒட்சிசனும் கிடைக்கிறது. நேற்று இரவு மெழுகுதிரியில் நுனி உருக்கிய கயிற்றில் இவை எதுவும் இல்லை. அதன்மேல் நுண்பாசி படிந்து பூச்சிகள் குடியேற, இந்தக் குளிரில் வாரங்கள் பல ஆகும். ஒரு நாளைக்கு இறக்கி மாலையில் எடுத்துவிடும் செயற்கைப் பாசியால் தரக்கூடியது நிழலும் மறைவும் மட்டுமே. அவை பஞ்சமாக உள்ள இடத்தில்தான் அதற்கு மதிப்பு.

செடிகளைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஏரியின் பாசிக்காடு என் காலத்திலேயே மாறிவருகிறது. தொண்ணூறுகளில் வந்து பெருகிய வரிச்சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிவாக்கியதால், முன்பு வெளிச்சம் எட்டாத ஆழத்திலும் இப்போது செடிகள் வளர்கின்றன. அண்மை ஆண்டுகளில் ஸ்ராரி ஸ்ரோன்வேர்ட் என்னும் அயல்நாட்டுப் பாசி மெத்தை விரித்ததுபோல் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. இந்த ஏரியைக் காக்கவென்றே ஒன்ராறியோ 2008ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆறுகள் கொண்டுவரும் பொஸ்பரஸைக் குறைப்பது அதன் முதன்மையான அக்கறைகளுள் ஒன்று. கையளவு குடைப்பாசியை இறக்கும் எனக்கு இவையெல்லாம் தொலைவான செய்திகளாகத் தோன்றவில்லை. அயல்செடியின் ஒரு துண்டு என் கயிற்றிழையில் சிக்கி அடுத்த ஏரிக்குப் போனால், அதைக் கொண்டுபோனவள் நானாகத்தான் இருப்பேன்.

நாளை, செடிகளே இல்லாத வெறுந்தரைக்குப் போகிறோம்.

நான்காம் நாள்: வெறுந்தரையில்

இரவு முழுவதும் காற்று அடித்தது. காலையில் சறுக்குப்பலகையில் கூடாரத்தையும் ஆகரையும் குடையையும் ஏற்றி, பாசி முடியும் எல்லையைத் தாண்டி முந்நூறு மீற்றர் வெளியே இழுத்துச் சென்றோம். ஏழு சதுர மீற்றருக்கு உட்பட்ட துணிக்கூடாரத்துக்குப் பதிவு எண் தேவையில்லை. பலகைக் குடில்களுக்குத் தேவை. எங்கள் கூடாரம் இருவர் முழங்கால் இடிக்க உட்காரும் அளவே.

ஆறு மீற்றர் ஆழம். கமராவில் பார்த்தால், துடைத்துவிட்டதுபோல் மென்சேறும் ஆங்காங்கே சிப்பி ஓடுகளும் மட்டுமே தெரிந்தன. பாசி எல்லைக்கும் ஆழத்துக்கும் நடுவே பேர்ச் கூட்டங்கள் பகலில் போய்வரும் வழி இது. வழியில் அவற்றை நிறுத்தக்கூடிய எதுவும் இங்கே இல்லை.

குடையை விரித்துவிட்டுக் கமராவைப் பக்கத்தில் தொங்கவிட்டேன். அரை மணி நேரம் எதுவுமில்லை. பிறகு ஒரு கூட்டம் வந்தது, இருபது முப்பது இருக்கும். அவை குடையைத் தேடி வரவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தம் போக்கில் போய்க்கொண்டிருந்தவை, ஐந்தாறு மீற்றர் தொலைவில் இழைகள் கண்ணில் பட்டதும் சற்றே வளைந்தன. சில நேராகக் கம்பிகளின் கீழ் வந்து நின்றன. சில வெளி வட்டத்தில் சுற்றின. நேற்றும் முந்தைய நாளும் ஐந்து நிமிடத்தில் கடந்துபோன அதே இனம், இன்று இருபத்தைந்து நிமிடம் நின்றது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தேன். குடையின் கூரைக்குக் கீழே நிற்பவை அநேகமாகச் சிறியவை. பெரியவை விளிம்பில், வெளிச்சமும் நிழலும் சேரும் கோட்டில், வெளியே பார்த்தபடி நின்றன. நான் தூண்டிலைக் குடைக்கு நெருக்கமாக இறக்காமல் ஒன்றரை மீற்றர் தள்ளி வைத்ததற்குக் காரணம் இழையில் சிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான். தற்செயலாக அந்தத் தொலைவே பெரிய மீன்களின் இடமாகவும் அமைந்துவிட்டது.

நண்பகல் வரை குடைத்துளையில் பதினொரு மீன்கள், இருபது மீற்றர் தள்ளிய வெறுந்துளையில் மூன்று. மாமாவின் கை என் கையைவிடத் தேர்ந்தது என்பதால் ஒவ்வொரு மணிக்கும் நாங்கள் துளை மாறி உட்கார்ந்தோம். இடமே நல்ல இடமாக இருந்துவிடலாம் என்ற ஐயத்தைத் தீர்க்க, பிற்பகலில் குடையை எடுத்து மற்றத் துளைப்பக்கம் விரித்தோம். அதன்பின் அந்தப் பக்கம் எட்டு, பழைய பக்கம் நான்கு. ஒரு நாள் கணக்கை வைத்து உறுதியாக எதையும் நிறுவ முடியாது. இருந்தாலும் குடை போன பக்கம் மீனும் போனதை நான் கண்ணால் கண்டேன்.

பிற்பகல் மூன்று மணியளவில் கமராத் திரையில் பேர்ச் மீன்கள் அனைத்தும் ஒரே கணத்தில் இழைகளுக்குள் ஒடுங்கின. திரையின் ஓரத்தில் ஒரு நீண்ட நிழல் அசையாமல் நின்றது. வாத்தின் அலகுபோல் தட்டையான முகமுள்ள பைக் மீன் அது, என் கையின் நீளம் இருக்கும். பாசிக்காட்டின் ஓரத்தில் பதுங்கியிருந்து பாய்வது அதன் இயல்பு. நாங்கள் விரித்த எண்பது இழைகளை அதுவும் காடாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. இருபது நிமிடம் நின்றது. அது நின்ற நேரம் முழுவதும் எந்தத் துளையிலும் கடி இல்லை. மறைவு தேடும் மீனுக்கு இடம் கொடுத்தால், மறைந்து பிடிக்கும் மீனும் வரும். இரண்டையும் பிரிக்க முடியாது.

அந்த இருபது நிமிடத்தில்தான் மாமா, நீர்கொழும்பில் கடலோடு இணைந்திருக்கும் ஆழமற்ற களப்பைப் பற்றிப் பேசினார். அங்கே மீனவர்கள் உப்புநீரில் வளரும் கண்டல் மரங்களின் கொப்புகளை வெட்டி, ஆழம் குறைந்த களப்புநீரில் வட்டமாக நெருக்கி நட்டுவைப்பார்கள். சில வாரங்களில் மீனும் இறாலும் அந்தக் கொப்புகளுக்குள் குடிவந்துவிடும். பிறகு ஒரு நாள் சுற்றிலும் வலையை வளைத்து, கொப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டு, வலையைச் சுருக்கி அள்ளுவார்கள். அதற்காகவே வீட்டுக் கரைகளில் கண்டல் நட்டு வளர்த்த குடும்பங்கள் உண்டு. மாமா சிறுவயதில் கொப்பு சுமந்திருக்கிறார்.

"கொப்பைக் கண்டு மீன் வாறேல்ல, பிள்ளை. மீன் வாற வழியில கொப்பு நிக்கோணும். அதுக்கும் மேல, ரெண்டு கிழமை பொறுக்கோணும். பொறுத்தாத்தான் கொப்பில பாசி பிடிக்கும். பாசி பிடிச்சாத்தான் சின்னது வரும். சின்னது வந்தாத்தான் பெரிசு வரும்."

"நாங்கள் காலையில போட்டுப் பின்னேரம் எடுக்கிறமே, மாமா?"

"அதாலதான் உனக்குப் போறது மட்டும் நிக்குது. இருக்கிறது வராது."

மூன்று நாட்களாக நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்ததை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். செயற்கைப் பாசி பற்றிக் கடைகளில் சொல்லப்படுவது போல் அது தொலைவிலிருந்து மீனை அழைப்பதில்லை. போகிற மீனைத் தாமதப்படுத்துகிறது. பனிக்கட்டியின்மேல் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்தத் தாமதமே பெரிய உதவி.

அப்படியானால் குடையை அடியிலேயே விட்டுவைத்து, நுண்பாசி படியவிட்டு, மாசி முழுவதும் வந்து பிடிக்கலாமே என்ற எண்ணம் எழாமல் இல்லை. நாங்கள் அதைச் செய்யப் போவதில்லை. கண்டல் கொப்பு மக்கிப்போகும், பிளாஸ்ரிக் மக்காது. கயிறு அறுந்தால், பனிக்கட்டி நகர்ந்தால், அந்தக் குடை என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கேயே கிடக்கும். இறக்கிய ஒவ்வொன்றையும் அன்று மாலையே எடுத்துவிட வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை.

பிடித்த இருபத்தாறில் பதினான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டோம். முழு உரிமம் உள்ளவர் ஐம்பது பேர்ச் வரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மீனை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எல்லை வரை போவது சரியென்று எனக்குப் படவில்லை. இரவு விடுதிச் சமையலறையில் மிளகும் மஞ்சளும் தடவி மாமா பொரித்தார்.

ஐந்தாம் நாள்: மரங்கள் நீரில் நிற்கும் இடம்

இன்று தூண்டில் போடவில்லை. திரும்பும் நாளை ஏரியின் வடமுனைக்கென ஒதுக்கி, ஒரில்லியாவுக்குப் போனோம். சிம்கோ ஏரி கூச்சிச்சிங் ஏரியோடு சேரும் அதர்லி இடுக்கு அங்கே இருக்கிறது. நீர் ஓடிக்கொண்டிருப்பதால் அந்த இடுக்கில் பனிக்கட்டியை நம்ப முடியாது. கரையிலேயே நின்று பார்த்தோம்.

இந்த நீரின் அடியில், சேற்றுக்குள் புதைந்தபடி, 5,000 ஆண்டுகள் பழமையான மரக்குச்சிகள் நிற்கின்றன. மிஞ்சிக்கானிங் மீன்வேலிகள் என்று அவற்றுக்குப் பெயர். ஆற்றோட்டத்தின் குறுக்கே குச்சிகளை நெருக்கமாக நட்டு, இடையே கொப்புகளைப் பின்னி, ஏரியிலிருந்து ஏரிக்குப் போகும் மீன்களை ஒரு வாயிலுக்குத் திருப்பிப் பிடித்தார்கள். சேறும் குளிர்ந்த நீரும் மரத்தை மக்காமல் காத்திருக்கின்றன. 1615ஆம் ஆண்டு இவ்வழியே வந்த பிரெஞ்சுப் பயணி சாமுவேல் த ஷாம்ப்ளேன், வென்டாற் என்னும் முதற்குடி மக்கள் இவ்வேலிகளைப் பயன்படுத்தியதைப் பதிவுசெய்திருக்கிறார். அவர்களுக்குப் பின் அனிஷினாபே என்னும் முதற்குடி மக்கள் இவ்விடத்தின் காவலர்களாயினர். இன்று அருகில் வாழும் ராமா சிப்பேவா மக்கள் அந்தப் பொறுப்பைத் தொடர்கிறார்கள். கனடா 1982இல் இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

வேலி மீனைத் திருப்புவது. எங்கள் குடை மீனைத் தங்கவைப்பது. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் மீன் போகும் வழியை முதலில் படித்து, அந்த வழியில் ஒரு தடியை நடுவது இரண்டுக்கும் பொது. நான்கு நாட்கள் இடம் மாற்றி மாற்றி நான் கற்றுக்கொண்டதை இந்தக் குச்சிகளை நட்டவர்கள் தெரிந்துகொண்ட பிறகே முதல் குச்சியை ஊன்றியிருப்பார்கள்.

மொஹோக் என்னும் முதற்குடி மக்களின் மொழியில் ‘தகரொந்தோ’ என்றால் மரங்கள் நீரில் நிற்கும் இடம். அது இந்த இடுக்கையும் இந்தக் குச்சிகளையும் குறித்த பெயர். பழைய பிரெஞ்சு வரைபடங்களில் சிம்கோ ஏரியே தரொந்தோ ஏரி என்று எழுதப்பட்டிருக்கிறது. இங்கிருந்து தெற்கே போகும் காட்டுப்பாதையின் பெயராகி, அந்தப் பாதை முடியும் இடத்துக் கோட்டையின் பெயராகி, கடைசியில் நாங்கள் வாழும் ரொறன்ரோ நகரத்தின் பெயராயிற்று. மாமாவுக்கு இது இதுவரை தெரியாது. "மீனுக்கு நட்ட தடியா எங்கட ஊர்ப் பேர்?" என்று இரண்டு முறை கேட்டார். பின்பு காருக்குப் போகாமல் கரைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரையே பார்த்திருந்தார்.

பொழுது சாய்வதற்குள் ஸ்காபரோ திரும்பிவிட்டோம். கார் கொட்டகையில் குடையை விரித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே ஒரு வாளியை வைத்து, வெந்நீரால் இழைகளைக் கழுவினேன். ஒவ்வோர் இழையையும் விரலிடுக்கில் உருவிப் பார்த்தபோது, ஆறாவது கம்பியில் விரல்நீளப் பச்சைத் துண்டு ஒன்று சுற்றியிருந்தது. மூன்றாம் நாள் பாசிக்காட்டின் ஓரத்தில் ஒட்டியதாக இருக்க வேண்டும். அதை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் சேர்த்தேன். கம்பிகளின் மூட்டுகளில் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. மாமா தையல் எந்திர எண்ணெயும் துணியும் கொண்டுவந்து, கொட்டகை வெளிச்சத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.